கோடையில் உடற்கூறியல் பாடத்தை எடுக்கலாமா என்று முடிவு செய்வது எப்படி

வழக்கமாக 15 வாரங்களில் நடக்கும் உடற்கூறியல் பாடத்தை 6 அல்லது 8 வாரக் கோடைப் பருவத்தில் எடுக்கும்போது பாடத்தின் அளவு குறைவதில்லை. வளர்ந்த மனிதரின் 206 எலும்புகளும், 12 இணை மூளை நரம்புகளும், 31 இணை தண்டுவட நரம்புகளும் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையில் கிடைக்கும் நாட்கள் மட்டும் குறைந்துவிடுகின்றன. ஆகவே, இவ்வளவையும் மனப்பாடம் செய்ய முடியுமா என்று யோசிப்பதைவிட, ஒருமுறை படித்து மறந்ததை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் திருப்பிப் பார்க்க நேரம் இருக்கிறதா என்று யோசிப்பதே பயன் தரும்.

இதற்கு முதலில் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 3 மணி நேர விரிவுரையும் 3 மணி நேரச் செய்முறையும் கொண்ட பாடம் என்றால், 15 வாரங்களில் விரிவுரை 45 மணி, செய்முறை 45 மணி ஆகிறது. ஒரு மணி நேர விரிவுரைக்கு வீட்டில் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்ற பழைய கணக்கை ஏற்றுக்கொண்டால் மேலும் 90 மணி சேர்ந்து, மொத்தம் 180 மணி நேரம் வருகிறது. வழக்கமான பருவத்தில் இது வாரத்துக்கு 12 மணி. 8 வாரப் பருவத்தில் இருபத்திரண்டரை மணி. 6 வாரப் பருவத்தில் 30 மணி. நீங்கள் சேரவிருக்கும் பாடத்தின் எண்கள் வேறாக இருந்தால் அவற்றைக் கொண்டு இதே கணக்கைப் போடலாம். வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்ப்பவர் 6 வாரப் பாடத்தில் சேர்ந்தால், பயண நேரத்தைச் சேர்க்காமலே அவருடைய வாரம் 70 மணி நேரமாகிவிடும். அப்படி ஒரு வாரத்தைச் சமாளிக்கலாம். ஆறு வாரங்கள் தொடர்ந்து சமாளித்தவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. நான் இந்தப் பாடத்தை 8 வாரக் கோடைப் பருவத்தில், வாரம் நான்கு நாட்கள் வகுப்பு என்ற முறையில் படித்தேன். மூன்றாம் வாரம் காய்ச்சலில் இரண்டு நாட்கள் போகவில்லை. 32 வகுப்புகளில் இரண்டுதானே என்று அப்போது தோன்றியது. உண்மையில் அது வழக்கமான பருவத்தில் ஏறத்தாழ ஒரு வாரப் பாடம். தோள்பட்டைத் தசைகளை விட்டுவிட்டு முன்கைத் தசைகளில் நேரடியாகப் போய் உட்கார்ந்ததன் குழப்பம் பருவம் முடியும்வரை தீரவே இல்லை. எனவே அந்த வாரங்களில் தவிர்க்க முடியாத திருமணமோ, பயணமோ, வீட்டில் கவனித்துக்கொள்ள வேண்டிய நோயாளியோ இருந்தால் அதையும் அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, இந்தப் பாடம் உங்களுக்கு எதற்கு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். செவிலியர் படிப்புக்கோ இயன்முறை மருத்துவப் படிப்புக்கோ முன்தகுதியாக எடுப்பதானால், நீங்கள் சேர விரும்பும் இடம் கோடைப் பருவ மதிப்பெண்ணை ஏற்கிறதா, இணையவழிச் செய்முறையை ஏற்கிறதா, உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்த இருபகுதிப் பாடத்தைக் கேட்கிறதா, பாடம் முடித்து எத்தனை ஆண்டுகளுக்குள் சேர வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறதா என்ற நான்கையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குவது நல்லது. தொலைபேசியில் கிடைத்த வாய்மொழிப் பதிலை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இந்த இரண்டையும் தாண்டியவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒரு வார ஒத்திகைதான். சேருவதற்கு முன், உடற்கூறியல் படநூல் (அட்லஸ்) ஒன்றை இரவல் வாங்கி, முன்கையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் படித்துப் பாருங்கள். அங்கே முன்புறம் 8, பின்புறம் 12 என 20 தசைகள் இருக்கின்றன. முதல் நாள் அந்தப் பெயர்கள் மந்திரம்போல் ஒலிக்கும். ஆனால் ‘ஃப்ளெக்சர் கார்பை ரேடியாலிஸ்’ என்பதைப் பிரித்துப் பார்த்தால், மடக்குவது, மணிக்கட்டை, ஆரை எலும்பின் பக்கம் (பெருவிரல் பக்கம்) என்று அதன் வேலையும் இடமும் பெயருக்குள்ளேயே இருப்பது தெரியும். ‘அல்னாரிஸ்’ என்று முடிந்தால் சுண்டுவிரல் பக்கம்; ‘எக்ஸ்டென்சர்’ என்று தொடங்கினால் மடக்குவதற்குப் பதில் நீட்டுவது. நரம்புகளும் அப்படித்தான். பின்புறத் தசைகள் பன்னிரண்டுக்கும் ரேடியல் நரம்பு. முன்புறம் எட்டில் ஆறரைக்கு மீடியன் நரம்பு, மீதி ஒன்றரைக்கு அல்னார் நரம்பு. அந்த அரை என்பது விரல்களை மடக்கும் ஆழமான தசையின் சுண்டுவிரல் பக்கத்துப் பாதி. இந்த ஒழுங்கு பிடிபட்டதும் இருபது தனித்தனித் தகவல்கள் இரண்டு மூன்று விதிகளாகச் சுருங்கிவிடுகின்றன.

பெருவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால், பலருக்கு நடுவில் ஒரு தசைநாண் கயிறுபோல் எழும்பி நிற்கும். அது ‘பால்மாரிஸ் லாங்கஸ்’. சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இல்லாததால் கைக்கு எந்தக் குறையும் வருவதில்லை. இதைப் படித்த உடனே உங்கள் கையை மடக்கிப் பார்த்தீர்கள் என்றால், இந்தப் பாடம் உங்களுக்கு ஒத்துவரும் என்பதற்கு அதை ஒரு நல்ல அறிகுறியாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒத்திகையின் முக்கியமான நாள் கடைசி நாள். நான்காம் நாளோடு படிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு நாட்கள் புத்தகத்தைத் தொடாமல் இருந்து, ஏழாம் நாள் பெயர் போடாத படத்தில் இருபது தசைகளையும் குறித்துப் பாருங்கள். கற்றது முதல் சில நாட்களில்தான் வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே தம்மையே சோதித்து எழுதிவைத்தார். பதினைந்துக்கு மேல் குறித்துவிட்டால் தைரியமாகச் சேரலாம். பத்துக்குக் கீழே போனால் உங்களுக்குத் திறமை இல்லை என்று பொருளில்லை; திருப்பிப் பார்க்கும் இடைவெளி அதிகம் வேண்டியவர் நீங்கள், ஆகவே நீண்ட பருவமே உங்களுக்கு ஏற்றது. இந்த எல்லைகள் என் அனுபவத்தில் வந்தவையே தவிர விதிகள் அல்ல.

கோடைக்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டியது இருக்கிறது. உடற்கூறியல் ஆழத்தைவிட அகலம் மிகுந்த பாடம். வேதியியலில் ஒரு கருத்து பிடிபடப் பல நாட்கள் ஊற வேண்டியிருக்கலாம். இங்கே செலவிட்ட நேரத்துக்குப் பலன் உடனே தெரியும். திங்களன்று எலும்பு, செவ்வாயன்று அதன்மேல் ஒட்டும் தசை, புதனன்று அதற்குப் போகும் நரம்பு என்று அடுத்தடுத்த நாட்களில் பார்க்கும்போது ஒரு பகுதி முழுமையாக மனதில் நிற்கிறது. வேறு பாடம் எதுவும் குறுக்கிடாததும் பெரிய வசதி. கோடை முடிந்ததும் உடலியங்கியல் படிக்கப் போகிறவருக்கு இது மிகவும் பொருந்தும். ஓராண்டு இடைவெளி விடப்போகிறவர் பெரும்பகுதியை மீண்டும் படிக்க நேரிடும்.

ஆய்வகத்தைப் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும். ஸ்பாட்டர் தேர்வில், ஊசி குத்தியிருக்கும் பகுதியை ஒரு நிமிட அளவில் அடையாளம் கண்டு எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர வேண்டும்; படத்தில் மட்டும் படித்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் உண்மையான உடலில் தமனி சிவப்பாகவும் நரம்பு மஞ்சளாகவும் இருப்பதில்லை. எனவே வகுப்பு நேரம் போக மாலையிலும் வார இறுதியிலும் ஆய்வகம் திறந்திருக்குமா என்பதைக் கேளுங்கள். திறந்திருக்காது என்றால் நான் அந்தக் கோடையை விட்டுவிடுவேன்.

கோடையில் உடற்கூறியல் என்பதே ஒருகாலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோனியா நகரில் மொண்டினோ என்ற மருத்துவ ஆசிரியர் கற்பித்த காலத்தில், உடல் அழுகுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் வயிறு முதலில், பிறகு மார்பு, தலை, கடைசியில் கைகால்கள் என்ற வரிசையில் நான்கே நாட்களில் முடிப்பார்கள், அதுவும் குளிர்காலத்தில். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் திசுக்கள் கெடாமல் இறுகுகின்றன என்பதை ஜெர்மன் மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம் 1893-இல் வெளியிட்டார். ஃபார்மலின் வாடையால் தலைவலி வருபவர்கள், ஒருமுறை அனுமதி பெற்று ஆய்வகத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சேருவது என்று முடிவானால், மதிப்பெண் பட்டியலில் பாதிப்பு இல்லாமல் விலகுவதற்கான கடைசி நாளையும் முதல் ஸ்பாட்டர் தேர்வின் நாளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். குறுகிய பருவத்தில் விலகும் நாள் மிக விரைவில் வந்துவிடும். தேர்வு அதற்குப் பிறகு வருமானால், விலகும் நாளுக்கு முன்பாகவே ஆசிரியரிடம் பழைய மாதிரித் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, நேரம் வைத்து நீங்களே எழுதிப் பார்த்துவிட வேண்டும்.