போன் ஏன் அடிக்கவில்லை, ஏன் அடித்துக்கொண்டே இருக்கிறது: ஆண்ட்ராய்டு சத்தத்தைச் சரிசெய்யும் முறை

துக்க வீட்டில் சைலன்ட்டில் போட்டு வைத்த போன், வாட்ஸ்அப் வீடியோ ஒன்றில் விரல் பட்டதும் குத்துப்பாட்டை அலறவிடும். போனில் கோளாறு எதுவும் இல்லை. சைலன்ட் என்பது ரிங்டோனையும் நோட்டிஃபிகேஷனையும் மட்டும்தான் அடக்கும், மீடியா சத்தத்தைத் தொடாது. அலாரத்தையும் தொடாது. இது தெரியாததால்தான் பாதிப் பேருக்குப் போன் தேவையில்லாத நேரத்தில் கத்துகிறது, மீதிப் பேருக்குத் தேவையான நேரத்தில் ஊமையாகிவிடுகிறது.

ஆண்ட்ராய்டு போனில் ஒரே வால்யூம் கிடையாது. மீடியா, அழைப்பு, ரிங், நோட்டிஃபிகேஷன், அலாரம் என்று ஐந்து தனித்தனி வால்யூம்கள் உண்டு. பக்கவாட்டுப் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். திரையின் ஓரத்தில் வரும் பட்டையில் மூன்று புள்ளியோ, ஒரு சிறு குறியோ இருக்கும். அதைத் தொட்டால் எல்லா ஸ்லைடர்களும் விரியும். ஆண்ட்ராய்டு 9 முதல் இந்தப் பட்டன், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மீடியாவைத்தான் ஏற்றி இறக்கும். அதனால் பட்டனை மேலே அழுத்தி ‘ஃபுல் சத்தம் வைத்துவிட்டேன்’ என்று நினைப்பவரின் ரிங் ஸ்லைடர் இன்னும் கால்வாசியிலேயே நிற்கலாம். அழைப்பில் எதிர்முனைக் குரல் தணிந்து கேட்கிறதா? பேசிக்கொண்டிருக்கும்போதே அதே பட்டனை அழுத்துங்கள். அப்போது மட்டும் அது அழைப்பு வால்யூமாக வேலை செய்யும்.

கூகுள் பிக்சல் போன்களில் ரிங்கும் நோட்டிஃபிகேஷனும் நெடுநாள் ஒரே ஸ்லைடரில் இருந்தன. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 அவற்றைப் பிரித்தது. சாம்சங்கில் முன்பே தனித்தனி. உங்கள் போனில் பிரிந்திருந்தால் ரிங்கை முழுசாகவும் நோட்டிஃபிகேஷனை மூன்றில் ஒரு பங்காகவும் வைப்பது நல்லது. அழைப்பு பக்கத்து அறையில் இருந்தாலும் கேட்க வேண்டும், மெசேஜ் சத்தம் கையருகில் கேட்டால் போதும்.

வந்ததா, வரவில்லையா?

‘நோட்டிஃபிகேஷன் வரமாட்டேங்குது’ என்ற புகாருக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. மெசேஜ் நேரத்துக்கு வந்தும் சத்தம் கேட்காதது ஒன்று. மெசேஜே நேரத்துக்கு வராதது இன்னொன்று. மருந்தும் வேறு வேறு. எது என்று பார்க்க ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரு நல்ல வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய் ‘நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி’யை ஆன் செய்யுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் வந்த ஒவ்வொன்றும் நேரத்தோடு அதில் நிற்கும், நீங்கள் தள்ளிவிட்டவையும் சேர்த்து. ஆன் செய்த பிறகு வருபவை மட்டுமே பதிவாகும் என்பதால் இன்றைக்கே ஆன் செய்துவிடுங்கள். இனி மெனுப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸ் மேலே உள்ள தேடல் கட்டத்தில் அந்தச் சொல்லைத் தட்டுங்கள், மெனு மெனுவாக அலைய வேண்டாம்.

ஹிஸ்டரியில் சரியான நேரம் இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் முதலில் மேல் பட்டியைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஒரு சிறு கோடு தெரிந்தால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ ஆன் ஆகியிருக்கிறது. பெரும்பாலும் யாரும் தெரிந்து போட்டிருக்க மாட்டார்கள். என்றைக்கோ தூக்க நேரத்துக்கு ஒரு அட்டவணை வைத்திருப்பார்கள், அது மறக்காமல் தினமும் இரவு ஆன் ஆகும். புதிய போன்களில் இது ‘மோட்ஸ்’ என்ற தலைப்புக்குள் போய்விட்டது. சாம்சங்கில் ‘மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்’. பிக்சலில் போனைக் குப்புற வைத்தாலே டூ நாட் டிஸ்டர்ப் ஆகும் வசதியும் உண்டு. மேஜையில் குப்புறப் போடும் பழக்கம் உள்ளவர்கள் அதை அணைத்துவிடுவது நல்லது.

ஆனால் டூ நாட் டிஸ்டர்ப்பை மொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை. சரியாக அமைத்தால் இரவு நிம்மதிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அதற்குள் ‘பீப்பிள்’ பகுதியில் அழைப்புகளுக்கு ‘ஸ்டார்டு கான்டாக்ட்ஸ்’ (Starred contacts) என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங்கில் இதன் பெயர் ‘ஃபேவரிட்’. பிறகு கான்டாக்ட்ஸ் ஆப்பில் வீட்டு ஆட்களின் பெயரைத் திறந்து நட்சத்திரத்தைத் தொடுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இரண்டு சிம் இருந்தால் இரண்டு எண்ணும் அந்தப் பெயரின் கீழ் இருக்க வேண்டும். ஒரு எண்ணை மட்டும் சேமித்துவிட்டு, ‘அம்மா கூப்பிட்டும் அடிக்கவில்லை’ என்பார்கள். ‘ரிப்பீட் காலர்ஸ்’ ஆன் செய்தால், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வரும்போது போன் அடிக்கும். ஒரே எண் என்பது முக்கியம். ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் ஒரு லைனிலும் அடுத்து இன்னொரு லைனிலும் கூப்பிட்டால் அது கணக்கில் சேராது. அலாரத்துக்கான அனுமதி வழக்கமாகவே ஆனில் இருக்கும், ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டூ நாட் டிஸ்டர்ப்பும் இல்லை, ஸ்லைடரும் சரி, இன்னும் சத்தம் இல்லையா? ப்ளூடூத்தை அணைத்துப் பாருங்கள். அலமாரிக்குள் மூடி சரியாக மூடாமல் கிடக்கும் இயர்பட்ஸ் சத்தத்தையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அடிக்கவில்லை என்றால் அந்த கான்டாக்ட்டின் ரிங்டோன் ‘நன்’ (None) ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டும் சேர்ந்து மங்கலாகக் கேட்டால் செட்டிங்ஸை நோண்டிப் பயனில்லை. ஸ்பீக்கர் துளையில் தூசி அடைத்திருக்கிறது. உலர்ந்த, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் போதும். ஊசி போட்டுக் குத்த வேண்டாம், உள்ளே இருக்கும் வலை கிழிந்துவிடும்.

வராத மெசேஜ்

ஆப்பைத் திறந்ததும் பன்னிரண்டு மெசேஜ் ஒரே மூச்சில் கொட்டுகிறது என்றால் அது சத்தப் பிரச்சினை இல்லை, பேட்டரிப் பிரச்சினை. சார்ஜை மிச்சம் பிடிக்கப் போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்திருக்கிறது. செட்டிங்ஸ், ‘ஆப்ஸ்’, வாட்ஸ்அப், பிறகு பேட்டரி என்று போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ வையுங்கள். ரெட்மி, போக்கோ போன்களில் இது மட்டும் போதாது. அதே பக்கத்தில் ‘ஆட்டோஸ்டார்ட்’ ஆனில் இருக்க வேண்டும், பேட்டரி சேவர் ‘நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ ஆக வேண்டும். ஓப்போ, ரியல்மீயில் தானாகத் தொடங்கவும் பின்னணியில் இயங்கவும் தரும் இரண்டு அனுமதிகளைத் தேடுங்கள். சாம்சங்கில் பேட்டரிக்குள் ‘பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்’ இருக்கிறது. அங்கே ‘டீப் ஸ்லீப்பிங்’ பட்டியலில் விழுந்த ஆப், நீங்களாகத் திறக்கும்வரை எழுந்திருக்காது. டேட்டா சேவர் போட்டிருந்தால் அதிலும் விலக்கு கொடுங்கள்.

இதை வாட்ஸ்அப், மின்னஞ்சல், வங்கி, அலுவலக ஆப் என்று நான்கைந்துக்கு மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ கொடுத்த ஆப்புக்கும், திரும்பத் திறக்கும்வரை எதுவும் வராது. போன் வேகமாக ஓடும் என்று நம்பி அதைத் தினமும் அழுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

புதிதாகப் போட்ட ஆப்பிலிருந்து எதுவுமே வரவில்லையா? ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்பும் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்டாக வேண்டும். முதல்முறை அவசரத்தில் ‘டோன்ட் அலவ்’ அழுத்தியிருப்பீர்கள்.

அளவுக்கு மீறி அடித்தால்

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சாப்பாடு டெலிவரி ஆப் காலை பதினொரு மணிக்கு ‘பசிக்கிறதா?’ என்று கேட்கும். எரிச்சலில் அந்த ஆப்பின் நோட்டிஃபிகேஷனை முழுசாக அணைத்துவிடுவார்கள். மறுநாள் டெலிவரிக்காரர் வாசலில் நிற்பது தெரியாமல் போகும். ஆண்ட்ராய்டு 8 வந்த 2017இலிருந்து ஒரு ஆப்பின் நோட்டிஃபிகேஷன்கள் பிரிவு பிரிவாக இருக்கின்றன. ஆஃபர் ஒரு பிரிவு, ஆர்டர் நிலவரம் இன்னொரு பிரிவு. தொல்லை தரும் நோட்டிஃபிகேஷன் வந்ததும் அதைத் தள்ளிவிடாமல் விரலை அழுத்திப் பிடியுங்கள். கியர் சக்கரம் தெரியும். அதைத் தொட்டால் அந்த ஆப்பின் பிரிவுகள் வரிசையாக வரும், இப்போது வந்தது எந்தப் பிரிவு என்பதையும் காட்டும். அதை மட்டும் அணையுங்கள். ஒருமுறை நீங்கள் அணைத்த பிரிவை அந்த ஆப்பால் தானாக ஆன் செய்ய முடியாது.

புதிய சாம்சங் போன்களில் பிரிவுகளே தெரியாது, ஒளித்து வைத்திருக்கிறார்கள். நோட்டிஃபிகேஷன்ஸ், ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ போய், ஆப் வாரியாகப் பிரிவுகளை நிர்வகிக்கும் ஸ்விட்ச்சை ஆன் செய்த பிறகே தெரியும். சில ஆப்கள் தந்திரமாக விளம்பரத்தையும் தேவையான செய்தியையும் ஒரே பிரிவில் திணித்திருக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு ‘சைலன்ட்’ வையுங்கள். நோட்டிஃபிகேஷன் சத்தமில்லாமல் கீழே போய் உட்காரும், தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். வங்கி ஆப்பில் ஆஃபர் பிரிவைத் தாராளமாக அணைக்கலாம், பணம் போனதைச் சொல்லும் பிரிவில் கை வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குரூப்புகளுக்கு மியூட் போடும்போது 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று கேட்கும். குட்மார்னிங் குரூப்புக்கு மூன்றாவதுதான் சரி. அதைவிட எளிது, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷனுக்குள் குரூப்புக்கான டோனை மட்டும் ‘நன்’ ஆக்குவது. தனி ஆள் மெசேஜ் மட்டும் சத்தம் போடும். முக்கியமான ஒருவருக்குத் தனி டோன் வேண்டுமானால் அவர் சாட்டைத் திறந்து, மேலே பெயரைத் தொட்டு, நோட்டிஃபிகேஷன் பகுதியில் மாற்றுங்கள். போன் செட்டிங்ஸில் வாட்ஸ்அப்பின் மெசேஜ் பிரிவு சைலன்ட்டில் இருந்தால் உள்ளே எந்த டோன் வைத்தும் பலன் இல்லை. சொந்த டோன் வைக்க, எம்பி3 கோப்பைப் போனின் உள் நினைவகத்தில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ ஃபோல்டரில் போட்டால் பட்டியலில் தோன்றும். ரிங்டோனுக்கு ‘ரிங்டோன்ஸ்’ ஃபோல்டர். இரண்டு விநாடிக்கு மேல் வேண்டாம், பத்து மெசேஜ் சேர்ந்து வரும்போது உங்களுக்கே தலைவலிக்கும். மெமரி கார்டில் வைத்த டோன், கார்டைக் கழற்றினால் போய்விடும்.

‘உங்கள் போனில் 5 வைரஸ்’ என்று குரோம் படத்தோடு வந்து மிரட்டுவது வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ அழுத்தியதன் பலன். அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போனால் அனுமதி வாங்கிய தளங்கள் பட்டியலாக இருக்கும். தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் அணையுங்கள்.

அணைக்கக் கூடாத ஒன்று உண்டு. 2023இல் இந்தியா முழுவதும் போன்கள் விநோதமான ஒலியோடு அதிர்ந்து சோதனைச் செய்தி காட்டியது நினைவிருக்கும். அது செல் டவர் வழியாக வரும் பேரிடர் எச்சரிக்கை. ‘ஒயர்லெஸ் எமர்ஜென்சி அலெர்ட்ஸ்’ என்று தேடினால் கிடைக்கும். திடுக்கிட்டதால் அப்போது அணைத்தவர்கள், கடலோரத்தில் இருந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

அப்படியே, லாக் ஸ்கிரீனில் ஓடிபி முழுசாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால், போனைத் திறக்காமலேயே பக்கத்தில் இருப்பவர் படித்துவிடலாம். லாக் ஸ்கிரீன் நோட்டிஃபிகேஷனில் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதியை ஆன் செய்தால் செய்தி வந்தது மட்டும் தெரியும், எண் தெரியாது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு மூன்று விஷயம் மட்டும். அதில் சாதாரண அலாரத்துக்குத் தனி வால்யூம் இல்லை. ரிங்கைக் குறைத்தால் அலாரமும் குறையும். அதனால் ‘சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ்’ பகுதியில் ‘சேஞ்ச் வித் பட்டன்ஸ்’ஸை அணைத்து, பக்கப் பட்டன் ரிங்கைத் தொடாதபடி செய்யுங்கள். ஃபேஸ் ஐடி உள்ளவற்றில் திரையைப் பார்த்ததும் சத்தம் தணிவது கோளாறு அல்ல, ‘அட்டென்ஷன் அவேர்’ என்ற வசதி. டூ நாட் டிஸ்டர்ப்பில் இருக்கும்போது திரும்ப அழைப்பவருக்கு அங்கே கணக்கு 15 அல்ல, மூன்று நிமிடம்.

எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் குழப்பிவிட்டால், ‘ரீசெட் ஆப் பிரிஃபரன்சஸ்’ என்று தேடுங்கள். படமோ மெசேஜோ எதுவும் அழியாது. முடக்கிய ஆப்கள், நோட்டிஃபிகேஷன் கட்டுப்பாடுகள், டிஃபால்ட் ஆப்கள் எல்லாம் பழைய நிலைக்குப் போகும். அதனால் அழுத்துவதற்கு முன் நீங்கள் அணைத்து வைத்தவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பதினொரு மணிக்குப் பசிக்கிறதா என்று கேட்கும் அந்த ஆப்பும் திரும்ப வந்துவிடும்.