கோடையில் படமெடுக்கப் பறவையைத் துரத்த வேண்டாம், தண்ணீர்ப் பக்கம் உட்காருங்கள்

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் அலகைத் திறந்து மூச்சிரைத்தும், இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படி நிழலில் ஒடுங்கிவிட்ட பறவை பாடுவதுமில்லை, இரை தேடுவதுமில்லை. எனவே சூரியன் உதித்த முதல் இரண்டரை மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும்தான் அலைந்து படமெடுக்கத் தோதானவை. மற்ற நேரத்தில் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்துவிடுவது மேல்.

புறா, சில்லை, சிட்டுக்குருவி போன்ற தானியம் தின்னிகள் பெரும்பாலும் தினமும் தண்ணீர் தேடி வரும். பூச்சி தின்பவற்றுக்கு இரையிலேயே ஈரம் கிடைப்பதால், அவை பெரும்பாலும் குளிக்கத்தான் வரும். குடிக்கும் விதமும் வேறு. சிட்டுக்குருவி ஒரு வாய் அள்ளித் தலையை நிமிர்த்தி விழுங்கும். அலகு நுனியில் துளி தொங்கும் அந்த நொடிதான் படம். புறாவோ அலகை அமிழ்த்தி ஒரே மூச்சில் உறிஞ்சும். அது நிமிரும் என்று காத்திருந்தால் குடித்துவிட்டுப் பறந்தே போய்விடும். கேமராவைத் தாழ்த்தி, நீரில் விழும் பிம்பத்தோடு சேர்த்து எடுத்துவிடுங்கள்.

இயற்கையான நீர்நிலை அருகில் இல்லையென்றால் அகலமான தட்டு ஒன்று போதும். ஆழம் 3 முதல் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். வழுவழுப்பான தட்டென்றால் உள்ளே கல் போடுங்கள். கால் வழுக்கினால் சிறு பறவை மறுபடி இறங்காது. தண்ணீரைத் தினமும் மாற்றாவிட்டால் கொசுப் புழு வந்துவிடும். புதரிலிருந்து 2, 3 மீட்டர் தள்ளி வையுங்கள்: பறவை தப்பி ஓட அது பக்கம், பூனை பதுங்கிப் பாய அது தூரம். மேலே ஒரு டப்பாவில் ஊசித் துளையிட்டுத் தொங்கவிட்டால், சொட்டும் சத்தம் கேட்டே பறவைகள் வரும்.

தட்டிலிருந்து ஒரு மீட்டரில் கட்டைவிரல் பருமனில் சொரசொரப்பான காய்ந்த கிளை ஒன்றை நடுங்கள். இறங்குமுன் பறவை அதில் உட்கார்ந்து நாலாபக்கமும் பார்க்கும். தட்டில் எடுக்கும் படங்களைவிட அங்கே எடுப்பவைதான் பெரும்பாலும் தேறும். கிளைக்குப் பின்னால் குறைந்தது 5 மீட்டர் வெட்டவெளி இருந்தால் பின்னணி தானாகக் கரையும். வெயில் உங்கள் முதுகில் படவேண்டும். 300 மி.மீ. லென்ஸ் இருந்தால், சிட்டுக்குருவி அளவுப் பறவைக்கு 5 மீட்டர் தூரத்தில் உட்காரலாம். லென்ஸ் பறவையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். தரையில் மணல் பை போட்டு அதன்மேல் கேமராவைச் சாய்த்தால் முக்காலிகூடத் தேவையில்லை.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000, பஞ்சுருட்டான் போல் வெட்டி வெட்டித் திரும்புவதற்கு 1/3200. அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப் 5.6 முதல் 8 வரை. ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறன்) ஆட்டோவில் விட்டு 3200இல் வரம்பு வையுங்கள். பறவை நகர நகரக் கூடவே மாறும் தொடர் ஃபோகஸில், ஃபோகஸ் புள்ளி கண்ணின்மேல் இருக்கவேண்டும். கடும் வெயிலில் வெள்ளைக் கொக்கின் இறகு விவரமே இல்லாமல் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவு) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள். ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும். வானத்தின் பின்னணியில் பறக்கும் கருநிறப் பறவைக்கு ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். திரையின் வெளிச்சம் வெயிலில் ஏமாற்றும், படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கோடைப் படங்களைக் கெடுப்பதில் முதலிடம் கானலுக்குத்தான். ஃபோகஸ் சரியாகக் கண்ணில் விழுந்திருக்கும், ஆனால் இறகு ஓரமெல்லாம் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் நெளிந்திருக்கும். பலர் லென்ஸைத்தான் பழிப்பார்கள். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் வரும் வினை இது. முக்காலியோ, ஷட்டர் வேகமோ, விலையுயர்ந்த லென்ஸோ இதைத் தீர்க்காது. தூரத்தைக் குறைப்பதுதான் மருந்து. தார்ச்சாலை, பாறை, தகரக் கூரை இவற்றுக்கு மேலாகக் குறிவைக்காதீர்கள். காருக்குள்ளிருந்து எடுப்பதானால் இன்ஜினையும் ஏசியையும் அணைத்து, கண்ணாடியை இறக்கி, உள்ளே வெளியே ஒரே சூடாகும்வரை பொறுங்கள். ஏசியில் குளிர்ந்த லென்ஸைப் புழுக்கத்தில் திடீரென வெளியே எடுத்தால் ஆவி படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பறவைகள் அடங்கிய பின்பும் தும்பிகள் அடங்குவதில்லை. பறந்துபோன தும்பி பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும், அதனால் குச்சியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம். உச்சி வெயிலில் சில தும்பிகள் வாலைச் சூரியனை நோக்கி நெட்டுக்குத்தலாக நிமிர்த்தி நிற்கும். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்கும் உத்தி அது, பக்கவாட்டில் எடுங்கள். வண்ணத்துப்பூச்சி வேண்டுமானால் ஈரச் சேற்றைத் தேடுங்கள், உப்புச்சத்தை உறிஞ்சக் கூட்டமாக உட்காரும்.

கூட்டை மட்டும் கோடையில் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வெட்டவெளியில் முட்டையிடும் ஆள்காட்டி, பகலில் அடைகாப்பது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கவும் செய்யும். நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை அது கத்திக்கொண்டே சுற்றும். முட்டை வெயிலில் வேகும். தலைக்கு மேல் விடாமல் கத்தினாலோ, வாயில் இரையோடு பறவை கூட்டுக்குள் போகாமல் தயங்கினாலோ, வந்த வழியே உடனே பின்வாங்குங்கள். குரல் பதிவை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இதே வகைத் தொல்லைதான். எதிரி வந்துவிட்டதாக நினைத்து ஆண் பறவை தண்ணீரையும் நிழலையும் விட்டு அலையும். கூடு தெரியும் படத்தைப் பகிர நேர்ந்தால், கோப்பிலுள்ள இடக்குறிப்பை முதலில் நீக்கிவிடுங்கள்.