டெண்டர் நிபந்தனையை எழுதும்போதே கவனியுங்கள்

பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டெண்டர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் முதலில் சொல்வது இதைத்தான்: தகுதி நிபந்தனையை எழுதும் நாளிலேயே பாரபட்சம் உள்ளே நுழைந்துவிடும். விலை உறையைப் பிரிக்கும்போது அதைத் தேடிப் பயனில்லை.

1.80 கோடி ரூபாயில் ஓர் அரசுப் பள்ளிக்கு வகுப்பறைகள் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முன்அனுபவம் எவ்வளவு கேட்பது? மத்தியப் பொதுப்பணித் துறையின் அளவுகோல் எனக்குச் சரியாகப் படுகிறது. மதிப்பீட்டில் 40 சதவீத அளவில் மூன்று வேலை, அல்லது 60 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று. அப்படியானால் 72 லட்சத்தில் மூன்று கட்டடம் முடித்தவரும் வரலாம், 1.44 கோடியில் ஒன்றே முடித்தவரும் வரலாம். 'இதேபோன்ற பணி' எது என்பதையும் எழுதிவிடுங்கள். கான்கிரீட் கட்டடம் என்றால் போதும். 'பள்ளிக் கட்டடம்' என்று குறுக்கினால், மருத்துவமனையே கட்டிய ஆள் வெளியே நிற்பார்.

பணியிடத்தைப் பார்த்ததற்கு உதவிப் பொறியாளரிடம் சான்று வாங்கி இணைக்கச் சொல்லும் நிபந்தனையை வைக்கவே வைக்காதீர்கள். யார் யார் வருகிறார்கள் என்பது கடைசித் தேதிக்கு முன்பே கசிந்துவிடும். அப்புறம் யார் என்ன விலை போடுவது என்று தங்களுக்குள் கூடிப் பேசி 'ரிங்' போட்டுவிடுவார்கள். சான்று கேட்டு வந்த சிறிய ஒப்பந்ததாரரை, 'சார் சைட்டுக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லியே தேதி முடியும்வரை அலையவிட்ட ஓர் அலுவலகத்தைப் பார்த்திருக்கிறேன். இன்றும் கோபம் வருகிறது. இடத்தைப் பார்த்துவிட்டேன் என்று ஒப்பந்ததாரரே கையெழுத்துப் போட்டால் போதாதா?

டெண்டர் போடக் கொடுக்கும் அவகாசத்தில் கை வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகள்படி, 2 கோடி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

விலை மிகவும் குறைவாக இருந்தால் உடனே தள்ளவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். கம்பி, சிமெண்ட், எம்.சாண்ட், கூலி என்று விலைப் பகுப்பாய்வு கேளுங்கள். கணக்கு நிற்கிறதா என்று பாருங்கள். விலையைக் குறைக்கப் பேசுவதானால் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டும் பேசுங்கள்.

யாரை நிராகரித்தாலும் எந்த நிபந்தனை, எந்த ஆவணம் குறை என்று எழுதிக் கொடுங்கள். ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அவர் அரசிடம் மேல்முறையீடு செய்தாக வேண்டும். காரணமே தெரியாமல் எதை வைத்து எழுதுவார்?