குளிர் மழையில வேகமான காருக்கு டயர் வாங்கும்போது எல்லாரும் பண்ற தப்புகள்

பிரிட்டன்ல அக்டோபர் கடைசி வந்தா போதும், ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர் வச்சிருக்கேன், பிஎம்டபிள்யூ எம்2 வச்சிருக்கேன், வின்டர் டயர் (குளிர்லயும் மெத்துன்னு இருக்குற டயர்) போடணுமா வேண்டாமான்னு ஒரே கேள்விதான் சுத்தி சுத்தி வரும். பாதி பேர் "இங்க எங்கப்பா ஸ்னோ விழுது, வருஷத்துக்கு ரெண்டு நாள், அதுக்குப் போயி இவ்ளோ செலவா"ன்னு முடிச்சிருவாங்க, மீதி பேர் "7 டிகிரிக்கு கீழ போனா சம்மர் டயர் செத்துச்சு"ன்னு பயமுறுத்துவாங்க. ரெண்டுமே அரைகுறை. ஸ்னோ விழுமா விழாதான்னு வச்சு முடிவு பண்றதுதான் முதல் தப்பே. இந்த ஊரு குளிர்காலம்னா 2லேர்ந்து 9 டிகிரி, நாள் முழுக்க நசநசன்னு தூறல், நாலு மணிக்கெல்லாம் இருட்டு, ரவுண்டபௌட்ல யாரோ சிந்திட்டுப் போன டீசல், ரோட்டோரம் அழுகிப் போன இலை. மாசக்கணக்குல நீங்க ஓட்டப் போறது இந்த ரோட்டுலதான், ஸ்னோவுல இல்ல.

7 டிகிரி கணக்க கொஞ்சம் பாப்போம். குளிர ஆரம்பிச்சா ரப்பர் இறுகும், அது உண்மை. ஆனா தேங்காயெண்ணெய் பாட்டில் உறையுற மாதிரிதான், கொஞ்சம் கொஞ்சமா, ஓரத்துலேர்ந்து. 8 டிகிரில பிரமாதம் 6 டிகிரில பிணம்னு எந்த டயரும் கிடையாது. மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7 மாதிரி நல்ல சம்மர் டயர் 6 டிகிரி ஈரத்துல டெஸ்ட் பண்ணா மட்டமான ஒரு வின்டர் டயர விட நல்லாவே நிக்கலாம். இத வச்சுக்கிட்டு "பாத்தியா, சம்மரே போதும்"னு ஒரு கூட்டம் கிளம்பும், அதுவும் தப்பு, ஏன்னா அந்த மாதிரி டெஸ்ட் எல்லாம் புது டயர்ல, சுத்தமான தார்ல, டயர சூடு பண்ணிட்டு எடுக்குறது. நீங்க காலைல ஆறரைக்கு 2 டிகிரில வீட்டு வாசல்லேர்ந்து கிளம்பி, பாதி தேஞ்ச டயரோட, மூணாவது நிமிஷத்துலயே ஒரு ஈரமான ரவுண்டபௌட்டுக்குள்ள நுழையுறீங்க. வேகமான காரோட டயர் சூட்ட நம்பி செஞ்சது. ஊருக்குள்ள மணிக்கு 30 மைல்ல போனா, அதுவும் மழைத்தண்ணி குளிரக் குளிர அடிச்சிட்டே இருந்தா, அந்தச் சூடு வரவே வராது.

இதோட உச்சம்தான் செமி ஸ்லிக், அதாவது ரேஸ் ட்ராக்குக்குன்னு செஞ்ச, பள்ளம் கம்மியான டயர். போர்ஷே ஜிடி3 மாதிரி கார் ஃபேக்டரிலேர்ந்தே பைலட் ஸ்போர்ட் கப் 2 போட்டு வந்திருக்கும், "கம்பெனியே குடுத்தது, அதுக்கு மேல நமக்கென்ன தெரியும்"னு நவம்பர்லயும் அதுலயே ஓட்டுவாங்க. கம்பெனி அத குடுத்தது ட்ராக்குக்காக. தண்ணிய வெளிய தள்ள அதுல பள்ளமே கம்மி, ரப்பரும் நல்லா சூடானாதான் பிடிக்கும். இன்னொரு விஷயம் பலபேருக்குத் தெரியாது. இந்த மாதிரி டயர மைனஸ் 7 டிகிரிக்கு கீழ நிறுத்தி வச்சிட்டு அப்படியே உருட்டினா ரப்பர் வெடிப்பு விடலாம், மறுபடி 5 டிகிரிக்கு மேல இருக்குற எடத்துல 24 மணி நேரம் வச்சிட்டுதான் அசைக்கவே செய்யணும். லண்டன்ல அந்தக் குளிர் அபூர்வம், ஆனா ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ்ல வெளிய நிறுத்துறவங்க, கார எடுத்துக்கிட்டு ஆல்ப்ஸ் பக்கம் போறவங்க இத மனசுல வச்சுக்கணும்.

அடுத்து, எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற தப்பு: "எனக்கு நாலு வீல் டிரைவ் இருக்கு, டயர் எதுவா இருந்தா என்ன". நாலு வீல் டிரைவ் கார கெளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. எல்லா கார்லயும் நாலு வீல்லயும்தான் பிரேக் இருக்கு, இதுல உங்க காருக்கு மட்டும் தனி சலுகை எதுவும் இல்ல. சொல்லப் போனா அதுதான் ஆளையே ஏமாத்துது. ரெண்டு வீல் டிரைவ் கார்ல ஆக்சிலரேட்டர மிதிச்சதும் வீல் சுத்தும், டேஷ்ல லைட் மினுக்கும், ரோடு வழுக்குதுன்னு உங்களுக்கே உறைக்கும். நாலு வீல் டிரைவ் கார் அலட்டிக்காம சர்ருன்னு கிளம்பிடும், ரோட்டுல பிடி இல்லன்னு முன்னாடி லாரி பிரேக் போடும்போதுதான் தெரியும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் அப்படித்தான், இருக்குற பிடிய பங்கு போட்டுக் குடுக்கும், இல்லாத பிடிய எங்கேர்ந்து கொண்டாரும்? போர்ஷே 992ங்கிற 911 மாடல்ல வெட் மோட்னு ஒண்ணு இருக்கு, முன் வீல் ஆர்ச்சுக்குள்ள மைக் மாதிரி சென்சார் வச்சு தண்ணி அடிக்குற சத்தத்தக் கேட்டு ரோடு ஈரம்னு சொல்லும், கார் கொஞ்சம் நிதானமாகும். அருமையான வேலை, ஆனா பிடி குடுக்குறது அப்பவும் ரோட்ட தொட்டுக்கிட்டு இருக்குற நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

சரி, வின்டர் டயர்னு முடிவு பண்ணிட்டீங்க, அடுத்த குழி இங்க இருக்கு. வின்டர் டயர்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு ஃபின்லாந்து, ஸ்வீடன் மாதிரி எடத்துக்கு, ஐசும் ஸ்னோவும் கெட்டியா கெடக்குற ரோட்டுக்காக ரொம்ப மெத்துன்னு செஞ்சது. இன்னொண்ணு ஜெர்மனி, ஆஸ்திரியா மாதிரி ஈரமும் மோட்டர்வே வேகமும் கலந்த எடத்துக்கு. "ஐஸ்லயே நிக்குதுன்னா ஈரத்துல நிக்காதா"ன்னு முதல் ஜாதிய வாங்கிட்டு வந்து எம்5, எம்1 மோட்டர்வேல ஓட்டினா, மழையில பிரேக்கிங் தூரம் நீளும், ஸ்டியரிங் கொழகொழன்னு இருக்கும், ரெண்டு மாசத்துல கார் மேலயே வெறுப்பு வந்துரும். உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது ஜாதி, அதுலயும் வேகமான காருக்குன்னே வர்றது: மிச்செலின் பைலட் ஆல்பின் 5, கான்டினென்டல் வின்டர்கான்டாக்ட் டிஎஸ் 870 பி, பிரெல்லி பி ஜீரோ வின்டர் மாதிரி. ஈரம்தான் முக்கியக் கவலைன்னா பிரிட்ஜ்ஸ்டோன் பிலிசாக் எல்எம்005 நல்ல பேரு எடுத்த டயர்.

சைடு சுவர்ல எம்+எஸ்னு போட்டிருந்தா வின்டர் டயர்னு நெனச்சுக்காதீங்க, அது தயாரிக்கிறவங்க தானே போட்டுக்கிற எழுத்து, எந்த டெஸ்ட்டும் பாஸ் பண்ணத் தேவையில்ல. மூணு முகடு மலைக்குள்ள பனிப்பூ வரைஞ்ச சின்னம் இருக்கணும், அது ஸ்னோவுல ஓட்டிப் பாத்துக் குடுக்குறது. ஜெர்மனில 2024 அக்டோபர் 1லேர்ந்து ஐஸ், ஸ்னோ ரோட்டுல இந்தச் சின்னம் இருந்தாதான் செல்லும், வெறும் எம்+எஸ் செல்லாது. பிரிட்டன்ல வின்டர் டயர் கட்டாயமே இல்ல, ஆனா கார ஃபெரில ஏத்திட்டு ஐரோப்பாப் பக்கம் போறவங்களுக்கு இது பிரச்சனை ஆகும்.

டயர் லேபிள்ல ஈரப் பிடி ஏ போட்டிருக்கு, அப்புறமென்னன்னு கேப்பாங்க. அந்த ஏ, பி, சி எல்லாம் நேர் கோட்டுல பிரேக் போட்டு எடுக்குற மார்க், மணிக்கு 80 கிலோமீட்டர்லேர்ந்து 20க்கு வர எவ்ளோ தூரம் ஆச்சுன்னு. வளைவுல எப்படிப் போகும், தேங்கின தண்ணில எப்ப மிதக்கும், அது எதுவும் அதுல வராது. அதோட ஸ்னோ டயர சாதா டயர விட குளிர்ந்த ரோட்டுல வச்சு அளப்பாங்க, அதனால சம்மர் டயரோட ஏவையும் வின்டர் டயரோட பியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுறதுல அர்த்தமில்ல.

அகலம் ஜாஸ்தின்னா பிடி ஜாஸ்திங்கிறது காஞ்ச ரோட்டுக் கணக்கு. தண்ணில அகலமான டயர் இன்னும் நிறைய தண்ணிய ஒதுக்கித் தள்ளணும், தள்ள முடியலன்னா மேல ஏறி மிதக்கும். புது எம்2ல (ஜி87 மாடல்) முன்னாடியே 275 மி.மீ. அகலம், பின்னாடி 285. இந்த மாதிரி கார்லதான் குளிர்காலத்துக்கு ஒரு சைஸ் கீழ எறங்குறது நல்ல யோசனை. ஏழாவது தலைமுறை கோல்ஃப் ஆர் பிரிட்டன்ல வந்த புதுசுல 18 இன்ச் ரிம்லதான் வந்துச்சு, 19 தனியா காசு குடுத்து வாங்குறது, அதனால 235/35 ஆர்19ல (235 மி.மீ. அகலம், 19 இன்ச் ரிம்) இருக்குறவங்க 225/40 ஆர்18க்கு தைரியமா போகலாம், விட்டம் ஒன்றரை சதவீதம்தான் கொறையும். சைடு சுவர் உயரமாகுறதால ஜனவரில பல்லக் காட்டுற ரோட்டுக் குழில ரிம்மும் தப்பிக்கும். பிரேக் பெருசா இருக்குற கார்ல மட்டும் சின்ன ரிம் காலிப்பர்ல இடிக்குமான்னு பாத்துட்டு வாங்குங்க, செராமிக் பிரேக்னா கண்டிப்பா பாக்கணும். டயர்ல இருக்குற லோடு நம்பர் (எவ்ளோ எடை தாங்கும்னு சொல்றது) மட்டும் கீழ எறங்கவே கூடாது. வேக எழுத்து (எவ்ளோ வேகம் தாங்கும்னு சொல்றது) வின்டர் டயர்ல எறங்குனா பரவால்லன்னு ஜெர்மனில விட்டிருக்காங்க, அது காரோட உச்ச வேகத்துக்கும் கீழன்னா டிரைவர் கண்ணுல படுற மாதிரி டயரோட அதிகபட்ச வேகத்த ஸ்டிக்கர்ல ஒட்டியிருக்கணும். பிரிட்டன்ல சைஸோ எழுத்தோ மாறுனா இன்சூரன்ஸ்காரங்களுக்கு ஒரு ஃபோன் போட்டு சொல்லிருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

காத்து விஷயத்துல நம்மாளுங்ககிட்ட ஒரு பழைய வைத்தியம் இருக்கு, மழைனா காத்த கொறச்சிரு, பிடி வரும்னு. மணல்ல மாட்டுன ஜீப்புக்கு சரி. மழை ரோட்டுல தலைகீழ், காத்துதான் டயர தண்ணிக்குள்ள அழுத்திப் பிடிக்குது. 1960கள்ல நாசால விமான டயருக்குன்னு போட்ட கணக்கு ஒண்ணு இருக்கு, பிரஷரோட வர்க்கமூலத்த 9ஆல பெருக்குனா டயர் மிதக்க ஆரம்பிக்குற வேகம் 'நாட்'ங்கிற கப்பல், விமான வேக அளவுல வரும். 36 பிஎஸ்ஐக்கு 54 நாட், அதாவது 62 மைல். 30 பிஎஸ்ஐக்கு 57 மைலுக்கு வந்துரும். கார் டயர்ல அச்சு அசலா இப்படியே வராது, பள்ளம் எவ்ளோ இருக்குங்கிறதெல்லாம் சேரும், ஆனா திசை அதுதான். நீங்க கொறைக்கவே தேவையில்ல, குளிரே கொறச்சிரும்: 20 டிகிரில 36 வச்ச டயர் 0 டிகிரில 33க்கும் கீழ போயிரும். முதல் குளிர் காலைல டேஷ்ல டயர் லைட் எரியுறது இதனாலதான், அத ரீசெட் பட்டன அமுக்கி வாய மூடுறத விட பம்ப் எடுக்குறது நல்லது, காரு ஓடாம குளிர்ந்து இருக்கும்போதே.

இப்ப தேய்மானம். பிரிட்டன் சட்டத்துல பள்ளத்தோட ஆழம் 1.6 மி.மீ. இருக்கணும், நடு முக்கால் அகலத்துக்கும், சுத்தி வர. அதுக்கும் கீழ போனா ஒரு டயருக்கு 2500 பவுண்டு வரைக்கும் அபராதம், லைசென்ஸ்ல மூணு பாயிண்ட். ஆனா 1.6ங்கிறது போலீஸ் கணக்கு, மழைக் கணக்கு இல்ல. 3 வந்ததுமே நான் மாத்தச் சொல்லுவேன், வின்டர் டயர்னா 4லயே. ஆஸ்திரியால 4க்கு கீழ போன ரேடியல் டயர (கார்ல வர்ற சாதாரண வகை) வின்டர் டயராவே ஒத்துக்க மாட்டாங்க, வின்டர் டயர் மேல இருக்குற குட்டி குட்டி வெட்டெல்லாம் அதுக்குள்ள தேஞ்சு போயிருக்கும்.

வேகமான கார்ல இதுக்குள்ள ஒரு தந்திரம் ஒளிஞ்சிருக்கு. வீல உள்பக்கமா கொஞ்சம் சாய்ச்சு வச்சிருப்பாங்க, வளைவுல நல்லா ஒட்டிப் போகணும்னு. அதனால நேர் ரோட்டுல ஓட ஓட உள் ஓரம் மட்டும் தேயும். வெளியேர்ந்து குனிஞ்சு பாத்தா 5 மி.மீ. ஜம்முன்னு இருக்கும், உள்ள விரல விட்டுத் தடவுனா வழுவழுன்னு இருக்கும், சில சமயம் கம்பியே குத்தும். முன் டயருக்கு ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வச்சுட்டு ஃபோன் டார்ச் அடிச்சுப் பாருங்க. பின் டயருக்கு வேற வழியில்ல, ஒரு பழைய பாய விரிச்சு தரைல படுத்துத்தான் பாக்கணும். இடது டயரும் வலது டயரும் ஒரே மாதிரி தேயலன்னா புது டயர் போடுறதுக்கு முன்னாடி அலைன்மென்ட் பாத்துருங்க, இல்லன்னா புதுசும் அதே கதிதான்.

காசு மிச்சம் பண்ண ரெண்டே ரெண்டு வின்டர் டயர் போடுறவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல. முன்னாடி மட்டும் போட்டா பிரேக் அடிச்சதும் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வால் சுத்திக்கிட்டு முன்னாடி வரப் பாக்கும். பின்னாடி மட்டும் போட்டா கார் ஜோரா கிளம்பும், வளைவுல ஸ்டியரிங் திருப்புனாலும் நேரா போகும். நாலு வீல் டிரைவ்ல இன்னும் மோசம், முன்னும் பின்னும் சுத்தளவு வித்தியாசப்பட்டா உள்ள இருக்குற கிளட்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் சும்மாவே தேயும், அந்த பில்லுக்கு நாலு செட் டயர் வாங்கிரலாம். ஒரே மாதிரி டயர்ல ரெண்டு மட்டும் மாத்த வேண்டி வந்தா, முன் வீல் டிரைவா இருந்தாலும், புதுசு பின்னாடிதான் போகணும்.

ஆல் சீசன் (வருஷம் முழுக்க ஒரே டயர்) போதுமான்னா, கோல்ஃப் ஆர் மாதிரி கார், வீட்டுல ஒரே கார், ரெண்டாவது செட் வைக்க எடமில்ல, ஃப்ளாட்டுன்னா போதும்னுதான் சொல்லுவேன். மிச்செலின் கிராஸ்கிளைமேட் 2 மாதிரி மலைச் சின்னம் இருக்குறதா எடுங்க, ஜூலைல ஸ்டியரிங் கொஞ்சம் மந்தமா இருக்கும், தாங்கிக்கலாம். பிஎம்டபிள்யூ எம் கார், போர்ஷே 911 மாதிரி முன்னும் பின்னும் வேற வேற சைஸ்னா ஆல் சீசன்ல தேர்வு கம்மி, ரெண்டு செட்டுதான் நிம்மதி. ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு தேயாது, அதனால மொத்தச் செலவு பயப்படுற அளவுக்கு இல்ல, ரிம்முதான் ஒரு தடவ வலிக்கும்.

செகண்ட் ஹேண்ட்ல ரிம்மோட வர்ற செட் வாங்குனா சைடு சுவர்ல DOTனு ஆரம்பிக்குற வரிசையில கடைசி நாலு எண்ணப் பாருங்க, 3621ன்னா 2021ல 36வது வாரம் செஞ்சது. பள்ளம் 7 மி.மீ. இருக்குன்னு சொல்லி பத்து வருஷ டயர தள்ளி விடுவாங்க, ரப்பர் பழசானா தேயாமலே இறுகிடும். புது டயருன்னா முதல் 200 மைல் நிதானமா போங்க, அச்சுலேர்ந்து எடுக்குறதுக்குப் பூசுன வழவழப்பு மேல் தோல்ல இருக்கும். வாங்குற நேரம் ஆகஸ்ட், செப்டம்பர். முதல் ஸ்னோ அறிவிப்பு வந்தன்னைக்குப் போனா உங்க சைஸ் மட்டும் இருக்காது. அப்புறம் கடையில புக் பண்றதுக்கு முன்னாடி கார் டிக்கிய தொறந்து லாக்கிங் போல்ட் (வீல் திருடு போகாம இருக்கப் போடுறது) சாவி இருக்கான்னு பாத்துக்குங்க, பழைய ஓனர் அத எங்கயாவது தொலைச்சிருந்தா அன்னைக்கு ஒரு வீலும் கழராது.