பழைய சர்வரோடு விஎஸ் கோட் இணையவில்லையா? ஒவ்வொரு படியாகச் சரிசெய்வோம்

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவன், தடைக்காலத்தில் கோடிங் கற்றுக்கொண்டவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது அல்லவா, அந்த நாட்களை வீணாக்காமல் உட்கார்ந்து படித்தான். இப்போது வீட்டிலிருந்தே வெளியூர் சர்வர் ஒன்றில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு நாள் காலையில் லேப்டாப்போடு வந்து நின்றான். "அண்ணே, ரொம்ப நாளா தள்ளிப்போட்ட விஎஸ் கோட் அப்டேட்டை நேத்து ராத்திரி போட்டேன். இப்ப சர்வருக்குள்ள விடவே மாட்டேங்குது."

பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றியிருந்தான், மோடத்தையும் அணைத்துப் போட்டிருந்தான். இரண்டிலும் பழுதில்லை. அதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், பழுது எங்கே?

விஎஸ் கோட் என்ற, கோடு எழுதும் எடிட்டரை மூடுங்கள். டெர்மினலைத் திறந்து, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கட்டளையை மட்டும் வைத்துச் சர்வருக்குள் போய்ப் பாருங்கள். போக முடிந்தால் நெட், பாஸ்வேர்டு, கீ எல்லாம் சரி. போக முடியவில்லை என்றால் உங்கள் பிரச்சினை வேறு. கீழே உள்ளது உதவாது.

உள்ளே போனதும் எல், டி, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடும் ஒட்டினாற்போல் வெர்ஷன் என்ற சொல்லும் அடியுங்கள். முதல் வரியின் கடைசியில் ஓர் எண் வரும். அதுதான் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் பதிப்பு. சர்வரில் ஓடும் லினக்ஸ், சென்ட்ஓஎஸ் 7 என்றால் 2.17, உபுண்டு 18.04 என்றால் 2.27. தம்பியின் திரையில் 2.17 வந்தது.

ஏன் இப்படி ஆகிறது?

நீங்கள் இணையும்போது விஎஸ் கோட் தன் சிறிய சர்வர் புரோகிராம் ஒன்றை அந்தக் கணினியில் இறக்கி ஓடவிடும். 2024 ஜனவரிப் பதிப்பான 1.86-இல் அதற்குக் குறைந்தது ஜிலிப்சி 2.28 வேண்டும் என்றாக்கினார்கள். பலர் வேலை நின்றுபோகவே, கொஞ்ச காலம் அவகாசம் கொடுத்தார்கள். 2025 மார்ச் பதிப்பான 1.99-ஓடு அந்த அவகாசமும் முடிந்தது. சிறு படகான வல்லம் கரை வரைக்கும் வரும். விசைப்படகுக்கு ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் தரை தட்டும். உங்கள் சர்வரில் அந்த ஆழம் இல்லை, அவ்வளவுதான்.

செய்யவே கூடாத ஒன்று

தேடினால் "ஜிலிப்சியை மட்டும் புதுசாக்கிவிடு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சர்வரின் சொந்த ஜிலிப்சியில் கை வைக்காதீர்கள். கோப்புகளைப் பட்டியலிடும் சாதாரணக் கட்டளை முதல் லாகின் வரை எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. பாதியில் பிசகினால் திரும்ப உள்ளே நுழையவே வழியிருக்காது. அடுத்தவர் சர்வர் என்றால் கேட்கவே வேண்டாம்.

பத்து நிமிட வழி

விஎஸ் கோட் 1.85.2-ஐ ஜிப் கோப்பாக இறக்குங்கள், இன்ஸ்டாலர் வேண்டாம். தனி ஃபோல்டரில் பிரித்து, அதற்குள் டேட்டா என்ற பெயரில், ஆங்கிலச் சிறிய எழுத்தில், ஒரு காலி ஃபோல்டர் போடுங்கள். செட்டிங்ஸும் எக்ஸ்டென்ஷனும் அதற்குள்ளேயே தங்கிவிடும்; உங்கள் புதிய எடிட்டருக்கு ஒன்றும் ஆகாது. திறந்தவுடன் செட்டிங்ஸில் அப்டேட் மோடை 'நன்' என்று மாற்றுங்கள். மறந்துபோய்ப் புதிய பதிப்பைப் போட்டுவிட்டால் மறுபடியும் இதே கதைதான். அப்புறம் ரிமோட் எஸ்எஸ்எச் எக்ஸ்டென்ஷனைப் போட்டு இணையுங்கள்.

பழைய எடிட்டருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. ஆகவே அந்த ஒரு சர்வருக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்; முன்பின் தெரியாத புராஜெக்ட்டை அதில் திறக்க வேண்டாம்.

புதிய எடிட்டரே வேண்டும் என்றால்

எஸ்எஸ்எச்எஃப்எஸ் என்ற கருவி மூலம் சர்வரின் ஃபோல்டரை உங்கள் கணினியில் மவுண்ட் செய்யலாம், அதாவது சொந்த ஃபோல்டர் போலத் தெரியவைக்கலாம். விண்டோஸில் வின்எஃப்எஸ்பி, எஸ்எஸ்எச்எஃப்எஸ்-வின் இரண்டையும் போட வேண்டும். சர்வரில் விஎஸ் கோட் எதையும் ஓடவிடாததால் பதிப்புச் சிக்கல் இல்லை. ஆனால் பெரிய ஃபோல்டரில் தேடினால் நம்மூர் மாலை நேர நெட்டில் பொறுமை போய்விடும்.

சிஸ்ரூட் (தனியாக வைத்த நூலகத் தொகுப்பு), பேட்ச்எல்ஃப் 0.18 (புரோகிராமை அதன் பக்கம் திருப்பும் கருவி) இரண்டையும் வைத்து விஎஸ் கோடுக்கு மட்டும் தனி ஜிலிப்சியைக் காட்டும் வழியும் உண்டு. தொடங்குபவர்கள் அதில் இறங்காமல் சர்வர் அட்மினிடம் விடுவது நல்லது.

அட்மினிடம் கேட்க வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. உபுண்டு 18.04-க்கான இலவச ஆதரவு 2023 மே மாதமே நின்றது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30. தம்பியை 1.85-இல் இணைத்துவிட்டு, அவன் எழுந்திருக்கும் முன்பே ஒரு மெயில் எழுத வைத்தேன்: "சர்வரில் ஜிலிப்சி 2.17 இருக்கிறது. உபுண்டு 22.04-க்கோ அதற்கு மேலோ எப்போது மாற்றுவீர்கள்? தேதி சொன்னால் என் வேலையை அதற்கேற்ப வைத்துக்கொள்வேன்."