ஃபுல் ஃப்ரேமுக்கு மாறலாமா? வடசென்னை போட்டோகிராபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இன்னாண்ணா, ஃபுல் ஃப்ரேம் போயிடலாமா?" முகூர்த்த சீசன் முடிந்து கையில் நாலு காசு சேர்ந்ததும் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கத்துத் தம்பிகள் கேட்கிற கேள்வி இது. பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: இப்போது இருக்கிற கேமராவில் எந்தப் படம் வரவில்லை? "குவாலிட்டி பத்தலைண்ணா" என்று சொன்னால், தம்பி இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம். "ரிசப்ஷன்ல பிளாஷ் இல்லாம எடுத்தா 6400 ஐஎஸ்ஓ போவுது, பொண்ணு முகமெல்லாம் புள்ளி புள்ளியா வருது" என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம். (ஐஎஸ்ஓ என்பது வெளிச்சம் பத்தாதபோது ஏற்றுகிற எண்; ஏற ஏறப் புள்ளி கூடும்.) குறை இன்னதென்று தெரியாமல் கேமராவை மாற்றுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

படத்தைப் பதிகிற சில்லுதான் சென்சர். ஃபுல் ஃப்ரேம் சென்சரின் அளவு 36×24 மி.மீ. பழைய 35 மி.மீ. பிலிமின் அதே கட்டம். அதைவிடச் சிறியவைதான் கிராப் சென்சர்கள்: நிக்கான், சோனி கிராப் சென்சர்கள் ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ., கேனானுடையது 22.3×14.9 மி.மீ. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் ஃபுல் ஃப்ரேம் நிக்கான், சோனி கிராப்பைவிடச் சுமார் 2.3 மடங்கு, கேனான் கிராப்பைவிட 2.6 மடங்கு பெரிது. அதே எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), அதே ஷட்டர் வைத்தால் அத்தனை மடங்கு கூடுதல் வெளிச்சத்தை வாங்கும். ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) இது ஒன்றே கால், கேனானில் கொஞ்சம் கூடுதல். கிராப்பில் 2500 ஐஎஸ்ஓவில் தெரிகிற நாய்ஸ் (அந்தப் புள்ளிகள்தான்), ஃபுல் ஃப்ரேமில் 6000-க்குப் பக்கத்தில் போகும்போதுதான் தெரியும். லாபம் உண்மையானதுதான். ஆனால் கடைக்காரர் சொல்லும்போது அது மூன்று நான்கு ஸ்டாப் போலக் காதில் விழுகிறது.

அந்த மூன்று ஸ்டாப் லென்ஸில் இருக்கிறது. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை 50 மி.மீ.க்கு ஜூம் செய்தால் எஃப்/5.6-ஐ ஒட்டி நிற்கும். அதே இடத்தில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டினால் ஒன்பது மடங்குக்கும் மேலே வெளிச்சம். சந்தையில் கிடைக்கிற மலிவான லென்ஸ்களில் அதுவும் ஒன்று. கிட் லென்ஸிலேயே மூன்று வருஷம் ஓட்டிவிட்டு "பாடி சரியில்லை" என்று விற்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

அடுத்தது, பட்ஜெட் முழுவதையும் பாடியில் கொட்டுவது. ஃபுல் ஃப்ரேம் பாடியும் 24-105 எஃப்/4 ஜூமும் ஒரு பக்கம். ஏற்கெனவே கையில் இருக்கிற கிராப் பாடியும் 2013-ல் வந்த சிக்மா 18-35 எஃப்/1.8 லென்ஸும் இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 கிராப்பில் (நிக்கான், சோனி கிராப்; லென்ஸின் மி.மீ.யை 1.5-ஆல் பெருக்க வேண்டும்) அந்த சிக்மா 27-52 மி.மீ. கோணத்தைத் தரும். வெளிச்சத்திலும் பின்னணி மங்கலிலும் ஃபுல் ஃப்ரேமில் எஃப்/2.7 போட்டதற்குச் சமம். ஆக, இருட்டான ஹாலில் அந்த எஃப்/4 ஜூமை இந்தச் 'சின்ன' கேமரா ஒரு ஸ்டாப் முந்திவிடும். டெலி பக்கம், அதாவது தூரத்துப் படத்துக்கு, கை நீளாது, எடையும் கூடுதல் என்பதெல்லாம் சரி. ஆனால் நாய்ஸ்தான் உங்கள் பிரச்சினை என்றால் பணம் போக வேண்டிய இடம் வேறு. போர்ட்ரெய்ட்டும் இதே கதைதான். கிராப்பில் 56 மி.மீ. எஃப்/1.4 போட்டால் ஃபுல் ஃப்ரேமில் 84 மி.மீ. எஃப்/2.1 போட்ட மாதிரி. 85 எஃப்/1.8-க்கும் அதற்கும் அரை ஸ்டாப்தான் வித்தியாசம். ஆல்பத்தைப் புரட்டுகிற மாமியார் கண்ணுக்கு அது தெரியப் போவதில்லை.

இருக்கிற லென்ஸ் அப்படியே பொருந்தும் என்று நம்பிப் பணம் கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. கிராப் கேமராவுக்கென்று வந்த கேனானின் பழைய இஎஃப்-எஸ் லென்ஸ் 5டி, 6டி போன்ற ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. கேனான் எம்50 வைத்திருப்பவர்களின் இஎஃப்-எம் லென்ஸ்களுக்கு ஆர் வரிசைப் பாடிகளில் இடமே இல்லை. நிக்கானின் கிராப் லென்ஸான டிஎக்ஸ், சோனியின் கிராப் லென்ஸ் எல்லாம் அந்தந்தக் கம்பெனி ஃபுல் ஃப்ரேமில் மாட்டும். ஆனால் கேமரா கிராப் மோடுக்குப் போய், சென்சரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும். அப்போது 24 மெகாபிக்சல் சுருங்கி 10-ஐ ஒட்டி வந்து நிற்கும். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய பாடி, விற்ற பாடியைவிடக் குறைந்த பிக்சலில் படம் எடுத்துக்கொண்டிருக்கும். ஃபியூஜி எக்ஸ் வரிசையில் இருப்பவர்களுக்கு ஃபுல் ஃப்ரேம் என்ற படியே கிடையாது. அந்தக் கம்பெனி அதைத் தாண்டி இன்னும் பெரிய சென்சரான மீடியம் ஃபார்மட்டுக்குப் போய்விட்டது. மாறுவதென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

மேடைக்கு வருவோம். கல்யாண வேலையில் பாதிப் படம் மேடையில்தான். முன்வரிசையில் பொண்ணு மாப்பிள்ளை, அவர்களுக்குப் பின்னால் சித்தப்பா பெரியப்பா குடும்பம், மூன்றாவது வரிசையில் எட்டிப் பார்க்கிற கல்லூரி நண்பர்கள். இத்தனை பேர் முகமும் ஷார்ப்பாக வர கிராப்பில் எஃப்/5.6 வைத்தால், முன்வரிசை முதல் பின்வரிசை வரை அதே ஷார்ப் ஆழம் கிடைக்க ஃபுல் ஃப்ரேமில் எஃப்/8-க்கு மேலே போக வேண்டும். துளையைச் சுருக்கியதும் வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும், சம்பாதித்த ஒன்றே கால் ஸ்டாப் அங்கேயே கரைந்துவிடும். புதிதாக மாறியவர்கள் எஃப்/2.8-லேயே குரூப் போட்டோ எடுத்துவிட்டு, பின்வரிசை மங்கலாக வந்ததற்கு ஃபோக்கஸைத் திட்டுவார்கள். மேடையில் உங்களைக் காப்பாற்றுவது நல்ல பிளாஷ் இரண்டும், அவற்றை நிறுத்தத் தெரிந்த உதவியாளரும்தான்.

மண்டபங்களில் இப்போது எல்இடி சுவரும் சீரியல் லைட்டும் இல்லாத மேடை கிடையாது. படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் அதற்கும் சென்சர் அளவுக்கும் சம்பந்தமில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை ஒட்டித் துடிக்கிற விளக்குகளுக்கு ஷட்டரை 1/50, 1/100 என்று வைத்துப் பாருங்கள்; சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிட்டு மெக்கானிக்கலுக்கு வாருங்கள். எல்இடி சுவர் வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

தலைமுறையைப் பார்க்காமல் ஒப்பிடுவது இன்னொரு தவறு. பழைய 5டி மார்க் 2 செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது, ஃபுல் ஃப்ரேம் ஆசையும் தீர்ந்துவிடும் என்பார்கள். 2008-ல் வந்த கேமரா அது. ஃபோக்கஸ் புள்ளிகள் 9, சாதாரண ஐஎஸ்ஓ எல்லை 6400. 2019-ல் வந்த கிராப் கேமரா சோனி ஏ6400-ல் 425 ஃபோக்கஸ் புள்ளிகள். ஓடுகிற குழந்தையின் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டே வரும். நான் மேலே சொன்ன ஒன்றே கால் ஸ்டாப் கணக்கு, ஏறத்தாழ ஒரே காலத்து சென்சர்களுக்கு இடையில் மட்டும்தான் செல்லும்.

'ஃபுல் ஃப்ரேம் என்றால் புரொபஷனல்' என்ற நினைப்பையும் விட வேண்டும். கல்யாணம் திரும்ப நடக்காது. கார்டு செத்துப்போனால் மண்டபத்தில் முகம் கொடுக்க முடியாது. ஆகவே இரண்டு கார்டு போடுகிற வசதி சென்சர் அளவைவிட முக்கியம். கேனான் இஓஎஸ் ஆர், ஆர்பி, நிக்கானின் முதல் இசட்6 எல்லாம் ஃபுல் ஃப்ரேம்தான். ஆனால் ஒரே ஒரு கார்டு. கிராப் கேமராக்களான நிக்கான் டி7200, டி500, கேனான் 7டி மார்க் 2, ஃபியூஜி எக்ஸ்-டி3 ஆகியவற்றில் இரண்டு. வீடியோவும் எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2018-ல் வந்த இஓஎஸ் ஆர் 4கே எடுக்கும்போது சென்சரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, சுமார் 1.7 மடங்கு கிராப் ஆகும். பெயருக்குத்தான் ஃபுல் ஃப்ரேம்.

அப்படியானால் யார் மாறலாம்? நம் பேட்டையிலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. வடசென்னையின் பாக்ஸிங் ரிங்குகளில் பிளாஷ் அடிக்க விடமாட்டார்கள். குத்து உறைந்து நிற்க ஷட்டர் 1/500-க்குக் கீழே இறங்கக்கூடாது, ட்யூப் லைட்டோ பழைய பிளட் லைட்டோதான் வெளிச்சம். ஏற்கெனவே எஃப்/1.8-லேயே எடுத்துக்கொண்டிருப்பவருக்கு லென்ஸில் இனி அதிகம் ஏறப் படி இல்லை. காசிமேட்டில் விடியும் முன் நடக்கிற மீன் ஏலமும் அப்படித்தான். முகத்தில் பிளாஷ் அடித்தால் ஏலக்காரம்மா வாயில் வருவதைக் கேட்க முடியாது. கூடையைச் சுற்றி நெருங்கி நிற்கிற கூட்டத்தில் 35 மி.மீ. அகலம் வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு அந்த ஒன்றே கால் ஸ்டாப் ஒவ்வொரு படத்திலும் தெரியும். ஒரு சின்ன விஷயம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்தச் சமயத்தில் கேமரா வாங்கிச் சோதிக்கலாம் என்று போய் நிற்காதீர்கள்.

எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் பறவை எடுப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 300 மி.மீ. லென்ஸ் கிராப்பில் 450 மாதிரி வேலை செய்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமுக்கு மாறி அதே பூநாரையை அதே பெரிதாக வெட்டி எடுத்தால் மிஞ்சுவது 10 மெகாபிக்சல். பழைய எட்டத்தைத் திரும்பப் பிடிக்க 500, 600 மி.மீ. லென்ஸ் தேடினால் அதன் விலை பாடியின் விலையைத் தாண்டும், எடை தோளை வாங்கும். பகல் வெளிச்சத்தில் வியாசர்பாடி கிரவுண்டில் புட்பால் எடுப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

படம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பாருங்கள். 12×18 அங்குலப் பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 5400×3600 பிக்சல் போதும். சாதாரண 24 மெகாபிக்சல் கிராப் கேமரா 6000×4000 தருகிறது. இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலம், வாட்ஸ்அப்பில் இன்னும் கொத்துக்கறி.

முடிவெடுக்கும் முன், படங்களைத் திருத்துகிற லைட்ரூம் மென்பொருளைத் திறந்து போன சீசன் படங்களை லென்ஸ், ஐஎஸ்ஓ, எஃப் எண் வாரியாக வடிகட்டிப் பாருங்கள். கஸ்டமருக்குக் கொடுத்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பெரும்பாலானவை 1600-க்குக் கீழே இருந்தால் மாறுவதற்குக் காரணம் இல்லை. 6400-லும் எஃப்/1.8-லும் குவிந்து கிடந்தால் காரணம் இருக்கிறது. அப்போதும் உடனே வாங்காமல், ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஒரு ரிசப்ஷனில் இரண்டு பாடியையும் தோளில் போட்டுக்கொண்டு எடுத்துப் பாருங்கள். வாடகை போனால் போகட்டும்.

மாறுவதென்று தீர்மானித்தபின் பழைய பாடியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடத் துடிக்காதீர்கள். கொடுப்பதென்னவோ சொற்பம்தான். ஒரே மவுண்ட் (லென்ஸ் மாட்டுகிற வாய்) என்றால் அது நல்ல இரண்டாவது பாடி. புது 85 மி.மீ. லென்ஸை அதில் மாட்டினால் 127 மி.மீ. டெலி கிடைக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை படம் எடுத்தது) கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நம்முடையது கடலோர ஊர், உப்புக்காற்று. மவுண்ட் வளையத்திலும் பிளாஷ் மாட்டுகிற ஹாட் ஷூவிலும் ஸ்க்ரூ தலைகளிலும் துரு இருக்கிறதா, பேட்டரி அறையின் தகடுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்தால் பூஞ்சை சிலந்திவலை மாதிரி தெரியும். எஃப்/16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள்; சென்சரில் இருக்கிற தூசும் எண்ணெய்ப் புள்ளியும் அதில் தெரிந்துவிடும். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் பாடியின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.