எர்சென் தாங்: சளி இருமலுக்கான சீனக் கஷாயம் காய்ச்சும் முறை

சீன மரபு மருத்துவத்தில் சளி இருமலுக்கான கஷாயங்கள் பலவற்றுக்கு அடிப்படையாக இருப்பது எர்சென் தாங். 12ஆம் நூற்றாண்டில் சொங் அரசின் மருந்தகங்களுக்காகத் தொகுக்கப்பட்ட நூலில் இதன் செய்முறை காணப்படுகிறது. சரக்குகள் குறைவு, காய்ச்சுவதும் எளிது. கவனம் முழுவதும் தேவைப்படுவது சரக்கு வாங்கும் இடத்தில்தான்.

படி 1: சளியைப் பாருங்கள்

வெண்மையான சளி நிறைய, எளிதில் வெளியேறும் வகையில் வந்து, நெஞ்சு அடைப்பும் குமட்டலும் இருந்து, நாக்கில் வெண்ணிறப் படிவு தடித்திருந்தால் இக்கஷாயம் பொருந்தும் என்பது சீன வைத்தியர்களின் கணிப்பு. வறட்டு இருமலுக்கும், மஞ்சளாகக் கெட்டிப்பட்ட சளிக்கும் இது ஏற்றதன்று.

படி 2: சரக்குகளை வாங்குங்கள்

ஒரு நாள் அளவு: பதப்படுத்திய பான்சியாக் கிழங்கு 9 கிராம், சென்பி எனப்படும் பழைய ஆரஞ்சுத் தோல் 9 கிராம், ஃபூலிங் என்னும் பூஞ்சைக் கட்டி 6 கிராம், தேனில் வறுத்த அதிமதுரம் 3 கிராம், இஞ்சி 7 வில்லை, புகையூட்டிய ஊமெய்ப் பழம் 1. ஊமெய் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்; இன்று பலரும் அதைச் சேர்ப்பதில்லை.

பான்சியாவில் மட்டும் சமரசம் கூடாது. பச்சைக் கிழங்கு நச்சுத்தன்மை உடையது. நாவையும் தொண்டையையும் கடுமையாக அரித்து வீங்கச் செய்யும். ஆகவே இஞ்சிச் சாறும் படிகாரமும் சேர்த்துப் பதப்படுத்திய 'ஜியாங் பான்சியா' என்று பெயர் சொல்லி, உரிமம் பெற்ற சீன மருந்துக் கடையில், தகுதி பெற்ற வைத்தியரின் சீட்டைக் காட்டி வாங்க வேண்டும். அப்படி வாங்க வழியில்லை என்றால், இந்தக் கஷாயத்தையே கைவிடுவது நல்லது என்பேன்.

சென்பியில் குவாங்தோங் மாகாணத்துச் சின்ஹுயி ஊர்ச் சரக்குக்குத்தான் பெயர் அதிகம். குறைந்தது 3 ஆண்டுகள் பழகியதை எடுப்பார்கள். நல்ல தோல் கரும்பழுப்பாக, ஒடித்தால் பட்டென்று முறியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். புதுத்தோலை வீட்டில் காயவைத்துப் போட்டால் புளிப்பும் காரமும்தான் மிஞ்சும்.

படி 3: ஊறவைத்துக் காய்ச்சுங்கள்

இரும்பு, அலுமினியப் பாத்திரங்களைத் தவிர்த்து மண்சட்டியில் சரக்குகளை இட்டு, 500 மி.லி. தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கொதி வந்ததும் தீயைத் தணித்து, மூடிவைத்து 25 நிமிடம் காய்ச்சி வடிகட்டுங்கள். மூடாவிட்டால் தோலின் மணமுள்ள எண்ணெய் ஆவியோடு போய்விடும். அதே சக்கையில் 300 மி.லி. தண்ணீர் விட்டு இன்னும் 20 நிமிடம் காய்ச்சி, இரண்டு வடிநீரையும் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சும் நம் சித்த வைத்தியக் குடிநீர் வழக்கம் இதற்குப் பொருந்தாது. ஃபூலிங் துண்டுகள் வெந்தபின்னும் கரையாமல் வெள்ளையாக அப்படியே கிடக்கும். அதைக் கண்டு மேலும் காய்ச்ச வேண்டாம்.

படி 4: குடியுங்கள்

கலந்த நீரை இரு பாதியாக்கி, காலையிலும் மாலையிலும் உணவுக்குப் பின் வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். மறுநாளுக்கு வைக்காமல் அன்றன்றே காய்ச்சுவது முறை.

கருவுற்றவர்களும் சிறுவர்களும் வைத்தியர் நேரில் பார்த்துச் சொல்லாமல் இதை எடுக்கக் கூடாது. அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுவோர் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும், இருமல் 2 வாரத்தைத் தாண்டினாலும், சட்டியை இறக்கிவைத்துவிட்டு மருத்துவமனைக்குச் சென்று காசநோய்ப் பரிசோதனை உட்பட உரியவற்றைச் செய்துகொள்ளுங்கள்.